கரிச்சானுக்காகப் பூனையைக் கொல்லலாமா?

முற்றத்துக்காரன் (கோண்டாவில்):
காலையில் மாமரத்தடிச் சருகு கூட்டும்போது ஒரு குண்டுக்கரிச்சான் குருவி விளக்குமாற்றுக்கு ஒரு முழம் தள்ளி வந்து நிற்கும். சருகு புரளப் புரளப் புழு பொறுக்கும். இதன் ஒன்றுவிட்ட சகோதரம் சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது. அது ராட்சத ஆமைக்குப் பின்னால் போய்ப் பொறுக்கும். 1960களின் நடுவில் ஃபிரிகேட் என்ற ஒரே தீவில்தான் மிச்சம் இருந்தது, அதுவும் 15-ஐத் தாண்டாது. காட்டை வெட்டித் தென்னை வைத்தார்கள், மனிதரோடு பூனையும் வந்து சேர்ந்தது. 80களின் தொடக்கத்தில் பூனைகளை அடியோடு ஒழித்தார்கள். சரியான வேலை என்கிறேன்.

பூனைவீட்டு அக்கா:
தம்பி, பூனை தானாகவா கப்பலேறிப் போனது? கொண்டுபோனவனும் மனிதன், தென்னை நட்டவனும் மனிதன். செத்தது மட்டும் பூனை. வெளியிலிருந்து வந்ததெல்லாம் போகவேண்டும் என்றால் நம் நெடுந்தீவில் கட்டாக்காலியாய்த் திரிகிற குதிரைகளை என்ன செய்வீர்கள்? அவையும் கப்பலில் வந்தவைதானே! கோடையில் தண்ணீரில்லாமல் ஒன்று விழுந்தால் ஊரே துடிக்கிறது.

முற்றத்துக்காரன்:
குதிரை குஞ்சைத் தின்னாது அக்கா. அந்தக் கரிச்சான் ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். இரை தேடுவதும் நிலத்தில். பூனைக்கு வேறென்ன வேண்டும்?

கணக்கு வாத்தி:
இரண்டு பேரும் பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். பூனை போன பிறகும் 1990 வரைக்கும் எண்ணிக்கை இருபது சொச்சத்திலேயே நின்றது. தென்னந்தோட்டத்தில் சருகு மண் எங்கே, கூடு கட்டப் பொந்து எங்கே? அப்புறம்தான் பெட்டி மாட்டி, இரை வைத்து, நாட்டு மரங்கள் நட்டார்கள். 90களின் நடுவில் கூசான், கூசீன் தீவுகளுக்கும் சில பறவைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். 2005-இல் 170-ஐத் தாண்டியது.

பூனைவீட்டு அக்கா:
நானும் அதைத்தானே சொன்னேன்!

முற்றத்துக்காரன்:
இல்லையே. நீங்கள் பூனையை விடச் சொன்னீர்கள். பூனை நின்றிருந்தால் அந்தப் பெட்டிகள் அதற்குச் சாப்பாட்டுப் பெட்டிகள்தான். வாத்தியார், 1995-இல் அதே ஃபிரிகேட்டில் எலி ஏறியதை விட்டுவிட்டீர்கள். 2000-இல் அதற்கு நஞ்சு வைத்தபோது, கரிச்சான்களைப் பிடித்துக் கூண்டில் பாதுகாக்க வேண்டி வந்தது.

குறிகட்டுவான் பயணி:
நெடுந்தீவுப் படகில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு எலி போனதை என் கண்ணாலேயே கண்டேன். டிக்கட் எடுக்கவில்லை.

கணக்கு வாத்தி:
சிரிக்கிற விஷயமில்லை. தீவுகளுக்கு எலி இப்படித்தான் போகிறது. ஒரு தடவை ஏறிவிட்டால் இறக்குவதற்கு எவ்வளவு செலவு!

பூனைவீட்டு அக்கா:
எலிக்கு நானும்தான் நஞ்சு வைப்பேன், அதை விடுங்கள். நான் ஏன் இதற்குள் வந்தேன் தெரியுமா? முந்தாநாள் என் பூனை ஒரு கரிச்சான் குஞ்சைக் கவ்விக்கொண்டு வந்தது. பறித்துப் பார்த்தேன், உள்ளங்கையில் சூடு இருந்தது, உயிர் இல்லை. தாய் மதிலில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. இப்போது பூனையைக் குசினிக்குள் அடைத்திருக்கிறேன். விடிய விடிய அதுவும் கத்துகிறது. குதிரைக்கு இன்னும் ஒருவரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.