பேசியது ஒருவர், கத்தியது அரங்கம் முழுக்க: பேஸ்பால் மைதானத்தில் மறக்க முடியாத நாள் எது?

மேலடுக்கு யாங்கீஸ்
பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுகிறவர்) பெட்ரோ மார்டினஸ் சொன்னது எல்லோருக்கும் தெரியும். 2004 செப்டம்பரில் எங்கள் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் தோற்ற கையோடு, யாங்கீஸ்தான் எனக்கு அப்பா என்று பேட்டி கொடுத்துவிட்டார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 13 அன்று அதே பெட்ரோ நியூயார்க்கில் பந்து வீச வருகிறார். "உன் அப்பா யார்?" என்று மொத்த அரங்கமும் ஒரே குரலில் கத்துகிறது. பக்கத்து இருக்கைக்காரர் அதுவரை என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் எங்கள் ஓலரூட் ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே போகும் அடி) அடித்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார். 3-1 ஜெயித்தோம். ஆனால் மனதில் நிற்பது ஆட்டம் முடிந்து பெட்ரோ பேசியதுதான். 15 வருஷம் முன்னால் பஸ்ஸுக்கு 50 சென்ட் இல்லாமல் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தவன் நான், இன்று இத்தனை ஆயிரம் பேர் என்னைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்றால் நான் முக்கியமானவன்தான் என்றார். நாங்கள் அவமானப்படுத்தத்தான் கத்தினோம். அவர் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

ஃபில்லி ரசிகை
அண்ணா, பெட்ரோ வம்புக்கு இழுக்கவில்லை, மனம் நொந்து பேசினார். வம்பு என்றால் எங்கள் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் வீரர் ஜிம்மி ராலின்ஸ். 2007 சீசன் தொடங்கும் முன்பே, நாங்களும் நியூயார்க் மெட்ஸும் ஆடும் பிரிவில் மற்றவர்கள் வீழ்த்த வேண்டிய அணி நாங்கள்தான் என்று அறிவித்தார். மெட்ஸ்காரர்கள் கொதித்தார்கள். 17 ஆட்டம் மிச்சமிருக்கும்போது மெட்ஸ் 7 ஆட்டம் முன்னிலையில் இருந்தது. அதுவும் கரைந்து, கடைசி நாள் இரண்டு அணியும் சமம். அன்று நான் ஃபிலடெல்ஃபியா மைதானத்தில் இருந்தேன். எங்கள் ஆட்டத்தை யார் பார்த்தார்கள்? எல்லோர் கண்ணும் ஸ்கோர்போர்டில். நியூயார்க்கில் மெட்ஸ் பிட்சர் கிளாவின் முதல் இன்னிங்ஸிலேயே 7 ரன் கொடுத்திருந்தார். அந்த எண் மாறியபோது எழுந்த சத்தம் இருக்கிறதே, எங்கள் அணி ரன் எடுத்தபோதுகூட அப்படிக் கேட்கவில்லை.

ஏழாம் நம்பர் ரயில்
வாய்ப்பேச்சு எல்லாமே ரசிக்கத்தக்கது என்பது போல எழுதுகிறீர்கள். ஜான் ராக்கரை மறந்துவிட்டீர்களா? அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் பிட்சர். 1999 இறுதியில் வந்த பத்திரிகைப் பேட்டியில், மெட்ஸின் ஷே மைதானத்துக்குப் போகும் நியூயார்க்கின் ஏழாம் நம்பர் ரயிலில் போகிறவர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் கேவலமாகப் பேசினார். நான் தினமும் போகும் ரயில் அது, நான் வெளிநாட்டுக்காரன். 2000 ஜூன் 29 அன்று அவர் ஷே மைதானத்துக்குத் திரும்பி வந்தார். சுற்றிலும் நூற்றுக்கணக்கான போலீஸ். ரயிலில் போகும்போது ஸ்பானிஷ், கொரியன், வங்காளம் எல்லாம் காதில் விழுந்தது. எட்டாவது இன்னிங்ஸில் அவர் வந்து மூன்று பேரையும் வரிசையாக அவுட் ஆக்கிவிட்டுப் போனார். எங்கள் மெட்ஸ் தோற்றது. எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று அத்தனை பேர் ஒன்றுசேர்ந்தது உண்மைதான், அதற்காக அந்தப் பேச்சுக்கு நன்றி சொல்ல என்னால் முடியாது.

சான்ஹோசே அம்மா
2019 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் வீரர் மேக்ஸ் மன்சி சான் பிரான்சிஸ்கோ மைதானத்தை ஒட்டிய கடலுக்குள் ஹோம் ரன் அடித்தபோது நான் இருந்தேன். பந்தைப் பார்க்காதே, ஓடு என்று எங்கள் ஜயண்ட்ஸ் பிட்சர் பம்கார்னர் கத்தினார். நான் பார்ப்பது உனக்குப் பிடிக்கவில்லையென்றால் கடலில் இறங்கி எடுத்துக்கொள் என்றாராம் மன்சி. அப்புறம் அது டி-ஷர்ட்டாகவே வந்துவிட்டது.

அது இருக்கட்டும், இந்த மாதிரி ஆட்டத்துக்குக் குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் ஜூன் மாதம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போகாதீர்கள், சாயங்காலம் கடல்காற்று நடுக்கிவிடும், ஸ்வெட்டர் கட்டாயம். காரை விட்டுவிட்டுக் கால்ட்ரெயின் என்கிற உள்ளூர் ரயிலில் போங்கள், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். எதிர் அணிச் சட்டை போட்ட பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2011 தொடக்க ஆட்டத்தன்று டாட்ஜர்ஸ் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஜயண்ட்ஸ் ரசிகரை அடித்த அடியில் அவர் மூளையே பாதிக்கப்பட்டது. வீரர்கள் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். குடித்துவிட்டு வருகிறவன் பக்கத்தில் உட்கார்ந்தால் பணியாளரிடம் சொல்லி இடம் மாறுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஃபில்லி ரசிகை
ரயில் சார், ராக்கரை ராலின்ஸோடு நான் சேர்க்கவே இல்லை. ராலின்ஸ் எதிரணியைச் சீண்டினார், மக்களைப் பழிக்கவில்லை.

மேலடுக்கு யாங்கீஸ்
தங்கச்சி, அதே பெட்ரோ 2009 உலகத் தொடரில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) உங்கள் ஃபிலீஸ் சட்டையில் நியூயார்க் வந்தாரே, எங்கள் ஆட்கள் மறுபடியும் அதே கோஷத்தைப் போட்டார்கள். அப்போது உங்கள் பக்கம் எப்படி இருந்தது?