பழைய 16 மிமீ அறிவியல் படங்கள்: ஒன்று நடுங்குகிறது, ஒன்று சிவந்துவிட்டது, ஒன்றில் வினிகர் நெடி. என்ன செய்யலாம்?

ஆய்வக அலமாரி:
வணக்கம். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு காலத்தில் வகுப்புக்குப் போட்டுக் காட்டிய 16 மிமீ அறிவியல் படங்கள் சில கிடைத்தன, புரொஜெக்டரோடு. பார்க்க நன்றாக இருந்த ரீலை ஓட்டினேன். படம் மேலும் கீழும் நடுங்குகிறது, மெஷினுக்குள் கடகடவென்று சத்தம். உதடு அசைந்து முடிந்த பிறகுதான் குரல் வருகிறது. இன்னொரு ரீல் முழுக்க இளஞ்சிவப்பு. மூன்றாவது டப்பாவைத் திறந்தாலே வினிகர் நெடி. கோளாறு மெஷினிலா, பிலிமிலா? தீப்பிடிக்குமோ என்ற பயமும் இருக்கிறது. மாணவர்களுக்கு இவற்றைத் திரையில் காட்ட ஆசை.

பழைய ஆபரேட்டர்:
முதலில் மெஷினை நிறுத்துங்கள். அந்தக் கடகட சத்தத்தோடு ஓட்டினால் பிலிம் ஓரத்துத் துளைகள் கிழியும், கிழிந்த துளை கிழிந்ததுதான்.

குரல் பிந்துவது எளிய விஷயம். 16 மிமீயில் ஒரு காட்சிக்கான ஒலி அதற்கு 26 கட்டம் (ஃபிரேம்) முன்னாலேயே அச்சாகியிருக்கும். கேட்டுக்கு, அதாவது விளக்கொளி படும் சன்னலுக்கு, கீழே நீங்கள் தளர்வாக விடும் பிலிம் வளைவு (லூப்) பெரிதானால் குரல் பிந்தும், சிறிதானால் முந்தும். லூப் எவ்வளவு வர வேண்டும் என்று பெரும்பாலான மெஷின்களில் கோடு போட்டிருப்பார்கள், பாருங்கள்.

நடுக்கத்துக்கும் லூப் காரணமாகலாம். ஆனால் இத்தனை வயதான பிலிம் என்றால் எனக்கு முதல் சந்தேகம் சுருக்கத்தின் மேல்தான். எஃகு அளவுகோலை வைத்து, ஒரு துளையின் விளிம்பிலிருந்து அடுத்த நூறாவது துளையின் அதே விளிம்பு வரை அளந்து பாருங்கள். புதுப் பிரிண்டில் 76.2 செமீ வரும். 75.6-க்குக் கீழே போனால் சுமார் 0.8% சுருங்கிவிட்டது, புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள். முன்பக்க வெற்று நாடாவில் அளக்க வேண்டாம், அது பின்னால் ஒட்டிய வேறு பிலிமாக இருக்கலாம். படம் உள்ள பகுதியில் அளந்து பாருங்கள்.

காப்பகவாசி:
தீ பயம் வேண்டாம். கோடாக் 1923-இல் 16 மிமீயைக் கொண்டுவந்ததே எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் பிலிமாகத்தான். ஆனால் அந்த அசிடேட்தான் இப்போது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை (வினிகரில் உள்ள அமிலம்) கக்குகிறது. கக்கிய அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்து ரீலையும் விடாது. நெடி வரும் டப்பாவை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டாதீர்கள். துருப்பிடித்த டப்பாவானால் காற்றோட்டமுள்ள பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றலாம். ஏ-டி ஸ்ட்ரிப் என்ற சோதனைக் காகிதம் கிடைத்தால் ஒவ்வொரு டப்பாவிலும் ஒன்று போட்டு வையுங்கள். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சை தாண்டி மஞ்சளுக்குப் போனால் அந்த ரீலுக்கு அவசரம். குளிரும் வறட்சியும் சிதைவை மெதுவாக்கும், அவ்வளவுதான். போனது திரும்பாது.

நிறப்பிரியன்:
இளஞ்சிவப்புக்கு மெஷின் காரணமில்லை, விளக்கை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். 1980-களின் தொடக்கம் வரை வந்த கோடாக்கின் ஈஸ்ட்மன் வண்ணப் பிரிண்டுகளில் சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் வெளுத்துவிடும், மிஞ்சுவது சிவப்பு. அவர்களுடைய இன்னொரு வண்ண வகையான கோடாக்ரோம் பிரிண்டுகள் இப்படி ஆவதில்லை. ஸ்கேன் செய்யும்போது நிறத்தை ஆட்டோவில் விடாமல், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகச் சமன் செய்யச் சொல்லுங்கள். நிற நுணுக்கம் 8 பிட் போதாது, 10 பிட்டுக்குக் குறையக் கூடாது. முழு நிறம் வராவிட்டாலும், தவளையை அறுத்துக் காட்டும் படமானால் ஈரல் எது, இதயம் எது என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு வரும்.

பழைய ஆபரேட்டர்:
ஒரே ஒரு முறையாவது திரையில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அளவு சரியாக இருந்தால் ஓட்டலாம் என்பேன்.

காப்பகவாசி:
எனக்கு அதில் உடன்பாடில்லை. அது எஞ்சியிருக்கும் ஒரே பிரதியா என்று தெரியாமல் ஓட்டக் கூடாது. முதலில் தலைப்பு, தயாரித்த நிறுவனம், டைட்டில் கார்டில் ரோமன் எண்ணில் இருக்கும் ஆண்டு மூன்றையும் எழுதிக்கொண்டு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் தேடுங்கள். அங்குள்ள பிரெலிங்கர் தொகுப்பில் ஏராளமான வகுப்பறைப் படங்கள் இருக்கின்றன. அந்தத் தொகுப்பின் பிலிம்களை 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே வாங்கிக்கொண்டது. நல்ல ஸ்கேன் ஏற்கெனவே இருந்தால் வகுப்புக்கு அதையே காட்டிவிடலாமே. இல்லாவிட்டால் உங்கள் ரீலின் மதிப்பே வேறு. அப்புறம், ரீல் கையில் இருப்பதால் இணையத்தில் ஏற்றும் உரிமை வந்துவிடாது. 1964-க்கு முன் அமெரிக்காவில் வெளியாகி, பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்ட படங்கள் அங்கே பொதுவுடைமை, அதாவது யாரும் பயன்படுத்தலாம்.

வகுப்புக்குப் போகும் முன் நீங்கள் முழுக்கப் பாருங்கள். பூமியின் மேலோடு நகரும் தட்டுகளால் ஆனது என்ற கண்டத்தட்டுக் கொள்கை 1960-களின் இறுதியில்தான் பரவலாக ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய புவியியல் படம் மலை உருவாவதை வேறு விதமாகச் சொல்லும். சில படங்களில் பாதரசத்தை வெறும் கையில் உருட்டி விளையாடுவார்கள்! மாணவர்களோடு அதை விவாதிக்கலாம், ஆனால் பாடமாகக் காட்ட முடியாது.

ஆய்வக அலமாரி:
மிக்க நன்றி. நடுங்கிய ரீலை அளந்தேன், 75.3 செமீ. தலைப்பைத் தேடியதில் எங்குமே இல்லை. நெடி டப்பாவைத் தனி அறைக்கு மாற்றிவிட்டேன்.

பழைய ஆபரேட்டர்:
75.3 என்றால் ஒரு சதவீதத்துக்கு மேல். சரி, வாதத்தில் தோற்றுவிட்டேன், ஓட்டாதீர்கள். ஸ்கேனுக்கு அனுப்பும் முன் அவர்களிடம் இருப்பது, துளைகளில் மாட்டிப் பிலிமை இழுக்கும் பல்சக்கரம் இல்லாத ஸ்கேனர்தானா என்று கேளுங்கள். பல்சக்கரம் இருந்தால் உங்கள் புரொஜெக்டர் செய்த வேலையையே அதுவும் செய்யும். நெடி வந்த ரீல் முதலில் போகட்டும், நடுங்கியது அதற்கடுத்து.