தெருமுனையில் உட்காரும் இடம்: சிமென்ட் போடும் முன் என்ன சோதிக்கணும்?

(புனைபெயர்களில் நடந்த கேள்வி-பதில்)

முனைவீடு: சென்னையில் 30 அடித் தெரு ஒன்று 60 அடி ரோட்டில் சேருமிடம். முனை ரொம்ப அகலமாக வளைந்திருப்பதால் கார்கள் வேகம் குறைக்காமலே திரும்புகின்றன. வளைவைச் சுருக்கி, அங்குள்ள புங்க மரத்தடியில் பெஞ்சு போடக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஆசை. பொல்லார்டு (வண்டி ஏறாமல் தடுக்கும் குட்டைத் தூண்) எவ்வளவு இடைவெளியில் நடணும்? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

சாலைக்கோடு: வார்டு உதவிப் பொறியாளர் (ஏ.இ.), டிராஃபிக் போலீஸ் இரண்டு பேரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, சுண்ணாம்புப் பொடியில் புது வளைவைக் கோடு போடுங்கள். வளைவின் ஆரம் 9 மீட்டர் இருந்தால் 4 மீட்டர் ஆக்கிப் பாருங்கள். கோட்டின்மேல் கோன் வைத்து, குப்பை லாரியும் தண்ணி லாரியும் திரும்புவதைக் கவனிக்கணும். பின்சக்கரம் எப்போதும் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டும். எந்தக் கோன் நசுங்குகிறதோ அங்கே ஓரடி விட்டுக்கொடுங்கள். ஒரு வார நாள், ஒரு ஞாயிறு, ஒரு இரவு, மூன்றும் பார்த்தாகணும். நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் 2009-ல் பிராட்வே சாலையை வண்டிகளுக்கு மூடியபோதும் முதலில் வந்தது மலிவான மடக்கு நாற்காலிதான், கல் தளம் பல வருஷம் கழித்து.

கொத்துக்கரண்டி: பொல்லார்டை நம்பி ஏமாறாதீர்கள். சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 90 செ.மீ. வழி வேணும். ஸ்கூட்டர் ஹேண்டில்பாரே 70 செ.மீ. சுமார்தான், ஆக நாற்காலி போகும் சந்தில் ஸ்கூட்டரும் போகும். 90 முதல் 120 செ.மீ. இடைவெளிக்குள் நட்டால் கார், ஆட்டோ நிற்கும், அவ்வளவே. பைக் ஏறுவது அங்கே நிறுத்த இடம் தேடித்தான். பக்கத்தில் ஒரு கார் நிற்கும் இடத்தில் கோடு போட்டுக் கொடுத்தால் 5 வண்டி நிற்கும், நடைபாதை தப்பிக்கும்.

நடைபாதை 15 செ.மீ. உயரத்தைத் தாண்டவேண்டாம். தாண்டினால் வயசானவர்கள் இறங்கி ரோட்டிலேயே நடப்பார்கள். சக்கர நாற்காலி ஏறும் சரிவு 1:12, அதாவது 15 செ.மீ.க்கு 1.8 மீட்டர் நீளம்.

புங்கநிழல்: மரத்தைச் சுற்றி சிமென்ட் திண்ணை கட்டிவிடாதீர்கள், நம்மூரில் அதுதான் வழக்கமான தப்பு. வேருக்குத் தண்ணியும் காற்றும் போகாமல், நாலைந்து வருஷத்தில் கிளை காயும். டெல்லி மரங்களுக்கு 2013-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது சுற்றிலும் ஒரு மீட்டர் மண். இங்கேயும் அதைவிடக் குறைக்காதீர்கள். பெஞ்சை அதற்கு வெளியே, முதுகு மரத்துக்கும் முகம் தெருவுக்கும் இருக்கும்படி போடுங்கள். உயரம் 45 செ.மீ. மேற்கு வெயில் படும் பக்கம் கிரானைட் வேண்டாம், நாலு மணிக்கு உட்கார முடியாது.

முனைவீடு: நன்றி சார். மழைத்தண்ணி?

கொத்துக்கரண்டி: அதைத்தான் எல்லாரும் மறப்பது. பழைய கர்ப் (நடைபாதை ஓரக் கல்) ஓரமாக ஓடும் தண்ணி, புது முனை நீட்டிக்கொண்டு வந்ததும் அதன் மேல்பக்கம் தேங்கும். கோன் வைத்த அன்றே கோட்டின்மேல் மண்மூட்டை அடுக்கி, இரண்டு டிரம் தண்ணி ஊற்றிப் பாருங்கள். தேங்குமிடத்தில்தான் வடிகால் வாய் வரணும். இருக்கிற வாய் புது முனைக்கு அடியில் மாட்டிக்கொண்டால், கர்ப் கல் பதிக்கும் முன்பே அதை வெளியே மாற்றிவிடுங்கள்.