அம்மாச்சி வீடு (குரூப்): மெட்ராஸ் போறோமா இல்லையா

*புதன் சாயங்காலம்*

உஷா சித்தி: அம்மாவுக்குக் கண்ணுக் கட்டு பிரிச்சாச்சு. நல்லா தெரியுதாம். சொட்டு மருந்து மட்டும் விடாம போடணும்னு டாக்டர் சொன்னாரு

பெரிய மாமா: முருகா

பெரிய அத்தை: வயிறு குளிர்ந்துச்சு உஷா. வெயில்ல போனா கருப்புக் கண்ணாடி போட்டுவிடு

கார்த்தி: அம்மாச்சி கூலிங்கிளாஸ் போட்டோ ப்ளீஸ்

உஷா சித்தி: அனுப்புறேன் இரு. கட்டுப் பிரிச்சதும் மொத வார்த்தை என்ன சொல்லுச்சு தெரியுமா, என்னைய மெட்ராஸ் கூட்டிட்டுப் போங்க, செத்த காலேஜ் பாக்கணும்னு

கார்த்தி: என்ன காலேஜ்???

திவ்யா: சித்தி, அம்மாச்சி தெளிவாத்தான் இருக்கா? பயமா இருக்கு

பெரிய மாமா: பயப்படாத திவ்யா, அம்மா சரியாத்தான் சொல்லுது. எழும்பூர் மியூசியத்துக்கு ஊர்ப்பக்கம் அந்தக் காலத்துல பேரே செத்த காலேஜ்தான், செத்த மிருகம் பறவை எல்லாம் பாடம் பண்ணி வச்சிருப்பாங்கல்ல, அதே மாதிரி மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ்னு பேரு, அது அப்ப சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்ட ஒட்டி இருந்துச்சு, 1985லதான் வண்டலூர் போச்சு. மியூசியம் ஆரம்பிச்சதே 1851ல ஒரு காலேஜ் மாடியிலதான், நுங்கம்பாக்கத்துல, எழும்பூருக்கு 1854ல வந்துச்சு. ஊர்ல இருந்து வர்றவங்க செத்த காலேஜ் உயிர் காலேஜ் ரெண்டையும் பாத்து பீச்சுல கால நனைச்சாத்தான் மெட்ராஸ் பாத்த கணக்கு

கார்த்தி: நாலு வருஷமா இங்க வேல பாக்குறேன், இது தெரியாது எனக்கு

அம்மா (திவ்யாவோட அம்மா): உனக்கு ஓஎம்ஆர் தாண்டி என்னடா தெரியும்

சின்ன மாமா: போலாம். வேன் சொல்லிடவா

பெரிய அத்தை: கொடைக்கானல் வேன் கணக்கு முடிஞ்சுச்சா மொதல்ல

அம்மா: ஆரம்பிக்காதீங்க மதினி

சின்ன மாமா: அனுப்புறேன்னு சொன்னேன்ல

பெரிய மாமா: வேன் வேண்டாம். திருச்சியில ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறுனா விடியக்காலை எழும்பூர், மறுபடி அன்னைக்கு ராத்திரியே அதுலயே திரும்பிரலாம், பகல் முழுசும் நமக்கு. எழும்பூர்ல கட்டட வேலை நடக்குறதால சில வண்டிய தாம்பரத்தோட நிறுத்துறாங்க, புக் பண்றவங்க ஸ்டேஷன் பேர பாத்துப் போடுங்க. வியாழன் ராத்திரி கிளம்புனா வெள்ளிக்கிழமை, கற்பகாம்பாளுக்கு விசேஷம், மயிலாப்பூர்ல தரிசனம் முடிச்சிட்டு மத்தியானம் மியூசியம்

அம்மா: வெள்ளிக்கிழமைன்னா ரொம்ப நல்லதுண்ணே

உஷா சித்தி: எனக்கும் ஓகே. அப்படியே தி.நகர் ஒரு ரெண்டு மணி நேரம்

சின்ன மாமா: ரெண்டு மணி நேரமா 😄

பெரிய அத்தை: போன தடவ பனகல் பார்க் வாசல்ல நாங்க நின்ன நிப்பு மறக்கல உஷா

உஷா சித்தி: அது திவ்யா கல்யாணப் புடவை மதினி, எனக்கா எடுத்தேன்

திவ்யா: என்னைய இழுக்காதீங்க. நிலா பாம்புப் பண்ணை, மெட்ரோ ரெண்டும் கேக்குறா

கார்த்தி: ஒரு நிமிஷம். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு

அம்மா: எந்த மியூசியம்

கார்த்தி: செத்த காலேஜ்தான் பெரியம்மா. எல்லா வெள்ளியும் மூடியிருக்கும்

பெரிய மாமா: அட ஆமா. எப்படி மறந்தேன்

பெரிய அத்தை: பத்து நிமிஷமா எழுதுனீங்களே

சின்ன மாமா: அப்ப சனிக்கிழமை

அம்மா: சனிக்கிழமை இவருக்கு ஆபீஸ் இருக்கு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு மியூசியத்த இன்னொரு தடவ வச்சுக்கலாமே

உஷா சித்தி: அக்கா, அது கேட்டதே மியூசியம். கோயில் நம்ம சேத்தது

அம்மா: நான் வேணாம்னு சொல்லலடி

உஷா சித்தி: இரு அம்மாகிட்டயே கேக்குறேன்

கார்த்தி: இன்னொன்னு சொல்லணும். நேத்து போன்ல அம்மாச்சி, கோர்ட்டு மேல இருந்த லைட் ஹவுஸ் இன்னும் எரியுதாடான்னு கேட்டுச்சு. பீச்சுல இருக்கு அம்மாச்சின்னேன். இல்ல, கோர்ட்டு மேலதான்னு சண்டை

பெரிய மாமா: அம்மா சொல்றதுதான் சரி கார்த்தி. ஐகோர்ட் கட்டடம் 1892ல முடிஞ்சுச்சு, அதுல ஒசரமான கோபுரம் இருக்குல்ல, அது உச்சியிலதான் 1894ல இருந்து 1977 வரைக்கும் கலங்கரை விளக்கம், கடல்ல வர்ற கப்பல்காரன் அத வச்சுத்தான் மெட்ராஸ் வந்துட்டோம்னு தெரிஞ்சுக்குவான். நீ பாக்குற பீச் லைட் ஹவுஸ் 1977லதான் வந்துச்சு, லிப்ட்ல ஏறிப் பாக்கலாம், திங்கக்கிழமை லீவு. அம்மா வந்தப்ப அது கட்டவே இல்ல

கார்த்தி: அம்மாச்சிகிட்ட மன்னிப்பு கேக்கணும்

பெரிய மாமா: அதே ஐகோர்ட் சுவர்ல எம்டன் குண்டு போட்ட இடத்துல கல்வெட்டு இருக்கு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன்காரன் கப்பல் வந்து துறைமுகத்துல எண்ணெய் டேங்கையெல்லாம் கொளுத்திட்டுப் போயிட்டான், பாதி ஊர் வீட்டைப் பூட்டிட்டு ஓடிருச்சு

அம்மா: அப்பாவ எம்டன்னு தெருவுல சொல்லுவாங்களே, அது இதுலருந்துதானா

பெரிய மாமா: ஆமா

சின்ன மாமா: அப்பா நெசமாவே எம்டன்தான். மார்க் ஷீட் அன்னைக்கு நான் பட்டது யாருக்குத் தெரியும்

உஷா சித்தி: உன்னைய ஒரு அடி அடிச்சிருப்பாரா. கடைக்குட்டின்னு உனக்குத்தான் எல்லாம்

சின்ன மாமா: ம்

பெரிய அத்தை: மாமா என்னைய ஒரு சொல் சொன்னதில்ல

*புதன் ராத்திரி*

உஷா சித்தி: அம்மா சொன்னத அப்படியே டைப் பண்றேன். "கற்பகாம்பா எங்கயும் போயிர மாட்டா, சனிக்கிழமையும் அங்கதான் இருப்பா. எனக்கு அந்த பாதி ஆம்பள பாதி பொம்பள செலைய பாக்கணும். ஆம்பள பக்கம் ரெண்டு கை, பொம்பள பக்கம் ஒத்தக் கை. உங்கப்பா அது முன்னாடி நின்னு, பாருடி மூணு கைன்னாரு. அப்பத்தான் அவரு எங்கூட மொத மொதல்ல வெளிய ஊர்ல சிரிச்சுப் பேசுனாரு. பெரியவன் வயித்துல ஆறு மாசம்."

திவ்யா: 🥹

அம்மா: இத அது எங்கிட்ட சொன்னதே இல்ல

கார்த்தி: அப்ப பெரிய மாமா வயித்துக்குள்ள இருந்தே மெட்ராஸ் பாத்தாச்சு. அதான் இவ்ளோ தெரியுது

பெரிய மாமா: அது திருவெண்காடு அர்த்தநாரி. அந்த ஊர்ல மண்ணுக்குள்ளருந்து எடுத்தது, 11ம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனி. நான் திருவல்லிக்கேணி மேன்ஷன்ல இருந்தப்ப ஞாயித்துக்கிழமை போக எடமில்லாம அங்கதான் போவேன், எத்தனையோ தடவ அது முன்னாடி நின்னிருக்கேன். சிவன் பக்கம் இடுப்பு நேரா இருக்கும், அம்பாள் பக்கம் வந்ததும் அப்படியே வளையும், ஒரே ஒடம்புல. அப்பாவும் அங்க நின்னாருன்னு இன்னைக்குத்தான் தெரியுது

பெரிய அத்தை: இவரு கண்ணத் துடைக்கிறாரு

பெரிய மாமா: சரி சனிக்கிழமை. வெள்ளி ராத்திரி ஏறுறோம். விடியக்காலை எழும்பூர், நேரா மெரினா, சூரியன் வர்றதப் பாக்கணும், யாரும் கடல்ல எறங்கக் கூடாது, அந்த அலை ஆளை இழுத்துரும், கால் நனைச்சாப் போதும். அடுத்து திருவல்லிக்கேணி, பார்த்தசாரதி கோயில், பாரதியார் இருந்த வீடு அங்க பக்கத்துலயே. அங்கருந்து பறக்கும் ரயில்ல திருமயிலை, எறங்குனா குளத்துக்குப் பக்கம். கபாலீஸ்வரர் கோயில் நடை மத்தியானம் சாத்திருவாங்க, அதுக்குள்ள போயிரணும். சாப்பாடு. பெறகு மியூசியம், அஞ்சு மணிக்கு மூடுற வரைக்கும். அப்புறம் எழும்பூர்ல மெட்ரோ ஏறுனா அடுத்தது சென்ட்ரல், அங்க வண்டி மாறுனா அடுத்ததே ஐகோர்ட், நிலாவுக்கும் மெட்ரோ ஆச்சு. சனிக்கிழமை கோர்ட் லீவு, ரோட்லருந்தே கோபுரத்தப் பாக்கலாம்

திவ்யா: மாமா இது ஒரு நாளா, ஒரு வாரமா? அம்மாச்சி முட்டி என்ன ஆகும்

கார்த்தி: பறக்கும் ரயில் ஸ்டேஷன் எல்லாம் மாடி ஏத்தம். லிப்ட் ஓடலன்னா கஷ்டம். ஆட்டோவே பேசிக்கலாம்

அம்மா: திருவல்லிக்கேணிய விட்டுருங்கண்ணே

பெரிய மாமா: அதுல என்ன கஷ்டம்

பெரிய அத்தை: மேன்ஷன காட்டணும்ல

பெரிய மாமா: ரோட்டுல நின்னு காமிச்சிட்டு வந்துரலாம்

உஷா சித்தி: தி.நகர்?

பெரிய மாமா: ஐகோர்ட்டுக்கு எதிர்லயே கோடவுன் தெரு இருக்கு உஷா, துணி மொத்த வியாபாரம்

உஷா சித்தி: அது போதும் 🙏

சின்ன மாமா: அன்னைக்கு கோர்ட் கோபுரத்த சரியா பாக்க முடியாது, போய்ச் சேந்த அரை மணி நேரத்துல இருட்டிரும்னு நினைக்கிறேன்

அம்மா: மொதல்ல நீ வர்றியா சொல்லு

சின்ன மாமா: பாப்போம்க்கா. லீவு கேக்கணும்

திவ்யா: நிலாவுக்கு பாம்புப் பண்ணை போச்சா? அழுவா

கார்த்தி: மியூசியத்துல பாடம் பண்ண மிருகம் எல்லாம் இருக்குக்கா, அதக் காட்டிக்கலாம். கிண்டிக்கு அடுத்த தடவ நான் கூட்டிட்டுப் போறேன்

அம்மா: மயிலாப்பூர் மாட வீதியில மருக்கொழுந்து கிடைச்சா வாங்கணும், யாராச்சும் ஞாபகப்படுத்துங்க

பெரிய அத்தை: உஷா, அந்த மாவடு ஊறுகா ஜாடி எங்க வீட்லயே இருக்கு

உஷா சித்தி: வர்றப்ப எடுத்துக்கறேன் மதினி

பெரிய மாமா: டிக்கெட் யார் போடுறா? அம்மாவுக்குக் கீழ் படுக்கை கட்டாயம்

கார்த்தி: நான் போடுறேன். ஆள் எண்ணிக்கை சொல்லுங்க. அம்மாச்சி, பெரிய மாமா, அத்தை, பெரியம்மா, அம்மா, திவ்யா அக்கா, நிலா. நான் இங்கயே ஸ்டேஷன் வந்துருவேன். சின்ன மாமா?

கார்த்தி: சின்ன மாமா?

அம்மா: நீல டிக் வந்துருச்சு, பாத்துட்டான்

திவ்யா: அப்பா சனிக்கிழமை மத்தியானமா பஸ்ல வந்து சேந்துக்கறேங்குறாரு, எங்க வரணும்னு கேக்குறாரு

பெரிய மாமா: மியூசியத்துக்கு வரச் சொல்லு. பாந்தியன் ரோடு வாசல்

உஷா சித்தி: அம்மா கேக்குது, அந்தச் செலைய தொட்டுப் பாக்க விடுவாங்களான்னு

பெரிய மாமா: விட மாட்டாங்க. பக்கத்துல நின்னு பாக்கலாம்னு சொல்லு

உஷா சித்தி: சொல்லிட்டேன். பரவால்ல, இப்பத்தான் கண்ணு தெரியுதேங்குது

சின்ன மாமா: எனக்கும் ஒண்ணு போடுடா கார்த்தி. மேல் படுக்கை. காசு நாளைக்கு அனுப்புறேன்

பெரிய அத்தை: கொடைக்கானலையும் சேத்து

சின்ன மாமா: சரிங்க மதினி