பாதுகாப்பு ஓட்டையைச் சொல்லியாச்சு, எத்தனை நாள் காத்திருப்பது?

கேள்வி: ரூட்டரின் நிர்வாகப் பக்கம் பாஸ்வேர்ட் கேட்காமலே திறக்கிறது. தயாரிப்பாளருக்கு மெயில் போட்டு 3 வாரம் ஆச்சு, பதில் இல்லை. ஓட்டையைப் பொதுவில் வெளியிடலாமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, வெளியிடும் முன் சரிசெய்யத் தயாரிப்பாளருக்கு 90 நாள் தருகிறது; ஓட்டைத் தகவல்களை ஒருங்கிணைக்கும் அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 45. தயாரிப்பாளரின் தளத்தில் செக்யூரிட்டி.டிஎக்ஸ்டி (security.txt) கோப்பு இருக்கா பாருங்க, ஓட்டையை யாரிடம் சொல்வது என்று அதில் இருக்கும்; பொது முகவரிக்குப் போகும் மெயில் பெரும்பாலும் சரியான ஆளிடம் சேராது. ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் இயங்கும் மென்பொருள்) பதிப்பு எண், அனுப்பிய கோரிக்கை, திரும்பி வந்த பதில், மூன்றும் மெயிலில் வேணும். சோதனை சொந்த ரூட்டரில் மட்டும். அடுத்தவருடையதைத் தொட்டால் அத்துமீறல்தான்.

பதில் 2: ஏற்கெனவே யாரோ அதை வைத்துத் தாக்குகிறார்கள் என்றால் கணக்கே வேறு. அப்போது புராஜெக்ட் ஜீரோ தரும் கெடு 7 நாள்தான். தாக்கும் நிரலை மட்டும் வெளியிடாதீங்க. இணையம் வழியாக நிர்வாகப் பக்கம் திறப்பதை அணைத்து வைக்கும்படி ரூட்டர் வைத்திருப்பவர்களிடம் சொல்லுங்க, அதுவே பலரைக் காப்பாற்றும்.

கேட்டவர்: கோப்பு இருக்கு, அதிலுள்ள முகவரிக்கு இப்போதே அனுப்புகிறேன். கெடுவை இன்றிலிருந்தே எண்ணுகிறேன்.