சிபிஆர்இ தேர்வுக்குத் தனியாகப் படித்தால் போதுமா?

கேள்வி:
டெஸ்டிங்கில் ஆறு வருஷம் இருந்துவிட்டு இப்போது பிசினஸ் அனலிஸ்ட். மருத்துவமனை பில்லிங் மென்பொருள். "தள்ளுபடி போட வசதி வேண்டும்" என்றார்கள், அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். யார் போடலாம், எவ்வளவு வரை என்று கேட்கவில்லை. கவுன்டரில் இருந்த எல்லோரும் போட்டுத் தள்ளிவிட்டார்கள்! இரண்டு வாரம் திருத்த வேலை. மென்பொருளுக்கு என்ன தேவை என்று சரியாகக் கேட்டு எழுதும் வேலைக்கு ஐஆர்இபி (IREB) என்ற அமைப்பு வகுத்த சான்றிதழ் சிபிஆர்இ (CPRE). அதன் அடிப்படை நிலைத் தேர்வு எழுதலாமா? வகுப்புக்குக் கட்டக் காசில்லை.

பதில் 1:
எழுதுங்கள். வகுப்பு கட்டாயமில்லை. பாடத்திட்டம், கையேடு, கலைச்சொல் தொகுப்பு எல்லாம் அவர்கள் தளத்தில் இலவசம். 45 கேள்விகள், 75 நிமிஷம், 70 சதவீதம் எடுக்க வேண்டும். கலைச்சொற்களை அலட்சியமாக விட்டு முதல் தடவை கோட்டைவிட்டவன் நான்.

பதில் 2:
தேர்வு சரி. அதற்கு முன் ஒருநாள் கவுன்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். காசாளர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஏதாவது துண்டுச்சீட்டு இருக்கும். பாதித் தேவை அதில்தான் கிடக்கும்.

கேட்டவர்:
சீட்டு இருக்கிறது சார்! மூன்று டாக்டர்களின் மாதிரிக் கையெழுத்து. அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் தள்ளுபடியாம். அப்புறம், கலைச்சொல் தொகுப்பை இறக்கிவிட்டேன்.