புதுப்பிப்பு: காங் பத்தி நான் சொன்னது மொத்தமா புட்டுக்கிச்சு

2023ல குவான்டமேனியா படம் பாத்துட்டு வந்த சூட்டுல "மார்வெல் படங்களோட அடுத்த பெரிய வில்லன், அதாவது அடுத்த தானோஸ், காங் தான், சீக்ரெட் வார்ஸ் படம் வரைக்கும் இவன்தான்"னு அடிச்சு எழுதியிருந்தேன்ல, அத இப்ப படிச்சா எனக்கே சிரிப்பு வருது. அந்த டிசம்பர்லயே காங்கா நடிச்ச ஜோனதன் மேஜர்ஸ் மேல கோர்ட் தீர்ப்பு வந்த அன்னிக்கே அவர தூக்கிட்டாங்க, 2024 ஜூலைல சான் டியேகோ காமிக்-கான் மேடைல முகமூடிய கழட்டினா உள்ள ராபர்ட் டவுனி ஜூனியர், அவர்தான் புது வில்லன் டாக்டர் டூமாம்!

ஆரம்பத்துல கடுப்பா தான் இருந்துச்சு, காசுக்காக பழைய அயர்ன் மேன் நடிகரையே திரும்ப கூப்பிடுறாங்கன்னு. ஆனா ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்துல கடைசில பேர் ஓடும்போது நடுவுல வர்ற கிரெடிட்ஸ் சீன் பாத்தப்புறம் மனசு மாறிடுச்சு. ஹீரோ ரீடோட பொண்டாட்டி சூ, குழந்த ஃபிராங்க்ளினுக்கு புக் எடுக்கப் போயிட்டு திரும்பி வர்றா, பச்ச அங்கில ஒருத்தன் குழந்த முன்னாடி மண்டி போட்டு உக்காந்திருக்கான், இரும்பு முகமூடி கைல, மூஞ்சிய காட்டவே இல்ல, அவ்ளோதான்.

என் புது கணக்கு இதான்: 2015 சீக்ரெட் வார்ஸ் காமிக்ஸ்ல அழிஞ்சுபோன உலகங்களோட மிச்சத்த ஒட்டவச்சு பேட்டில்வேர்ல்ட்னு ஒண்ணு பண்ணி டூம் தான் அங்க கடவுள், ரீட் குடும்பத்தையே தன் குடும்பமா வச்சுக்குவான். படத்துல அந்த வேலைக்கு ஃபிராங்க்ளின் சக்தி தான் பேட்டரி. அவெஞ்சர்ஸ் டூம்ஸ்டே படம் ஹீரோக்களோட தோல்வியில முடியும், சீக்ரெட் வார்ஸ் முடியும்போது எக்ஸ்-மென் ஹீரோக்களும் மத்த ஹீரோக்களும் எல்லாம் ஒரே உலகத்துக்கு வந்துடுவாங்க.

இதுவும் புட்டுக்கிட்டா இங்கயே வந்து திட்டுங்க, த்ரெட்ட டெலிட் பண்ண மாட்டேன்.